கணிதம் இல்லாமல் கணினிப் பாதுகாப்பில் ஆய்வு செய்ய முடியுமா? சைக் உடைந்த கதையை முன்வைத்து

மதிவதனி_கோவை

எம்.இ. சைபர் செக்யூரிட்டி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குவாண்டம் கணினி வந்தாலும் தாக்குப்பிடிக்கும் மறையாக்க முறைகளைப் பற்றித்தான் ப்ராஜெக்ட். கைடு சொன்னது இதுதான்: "கணக்குப் பக்கம் போய் மாட்டிக்காதேம்மா. லைப்ரரியை இறக்கு, எத்தனை மில்லிசெகண்டு ஆகுதுன்னு அளந்து பாரு, பேப்பர் போடு."

அதற்காகப் படித்துக்கொண்டிருந்தபோது சைக் என்ற முறை கண்ணில் பட்டது. இப்படிப்பட்ட முறைகளைத் தேர்ந்தெடுக்க அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் நடத்தும் போட்டியில், 2022 ஜூலை 5 அன்று அது நான்காம் சுற்றுப் பரிசீலனைக்குப் போயிருக்கிறது. அதே மாதம் 30ஆம் தேதி, பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் காஸ்ட்ரிக், டெக்ரு என்ற இருவர் அதை உடைத்த கட்டுரையை வெளியிட்டுவிட்டார்கள். ஒரே ஒரு கோர், சுமார் ஒரு மணி நேரம், ரகசியச் சாவி வெளியே வந்துவிடுகிறது. அவர்கள் எடுத்த ஆயுதம், கனடாவில் எர்ன்ஸ்ட் கனி என்ற கணிதவியலர் 1997ல் வெளியிட்ட ஒரு தேற்றம். அவர் மறையாக்கத்தை நினைத்து அதை எழுதவே இல்லை.

இதைப் படித்ததிலிருந்து மனம் வேறு எதிலும் ஓடவில்லை. இரண்டு கேள்விகள். அங்கே உண்மையில் என்ன நடந்தது? என் மாதிரி ஆட்கள் கணிதத்தில் எவ்வளவு தூரம் போக வேண்டும்?

சிஸ்டம்_செல்வம்

தங்கச்சி, உங்கள் கைடு சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். நிறுவனங்களின் சிஸ்டங்களைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. மறையாக்கத்தின் அடியில் இருக்கும் எலிப்டிக் கர்வ் கணிதத்தை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தவன் என்று ஒருத்தனையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

2014 ஹார்ட்பிளீட் என்ன? இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் எதிர்முனை "இத்தனை பைட் அனுப்பினேன், திருப்பி அனுப்பு" என்று கேட்கும். சொன்ன நீளமும் வந்த நீளமும் ஒன்றுதானா என்று சரிபார்க்கும் வரி இல்லை. ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை நினைவகத்தை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டது. 2008ல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் வெளியானது இன்னும் மோசம். ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுகிறதே என்று 2006ல் யாரோ நீக்கிய வரிகளால், ரேண்டம் எண்ணுக்கு மிஞ்சியது ப்ராசஸ் ஐடி (ஓடும் நிரலுக்குக் கணினி தரும் வரிசை எண்) மட்டும்தான். ஒவ்வொரு சாவி வகைக்கும் 32,767 சாவிகள், அவ்வளவே. எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ளலாம்.

இரண்டிலும் கணிதம் சுத்தமாக இருந்தது. கோட்டைவிட்டது நிரல் எழுதியவர்கள். வாழ்நாள் குறைவு, எதைப் படிப்பது என்று தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும்.

பொதிகை

சைக்கின் அடிப்படையான ஐசோஜெனி பக்கம்தான் என் வேலை, அதனால் மதிவதனியின் முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலிப்டிக் கர்வ் என்றால், புள்ளிகளை ஒன்றோடொன்று கூட்ட முடிகிற ஒரு வளைவு. அந்தக் கூட்டலைக் குலைக்காமல் ஒரு வளைவிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் சார்புக்கு ஐசோஜெனி என்று பெயர். வளைவுகளை முனைகளாகவும் ஐசோஜெனிகளை இணைப்புகளாகவும் வரைந்தால் ஒரு பெரிய வலை கிடைக்கும். தொடக்க வளைவையும் முடிந்த வளைவையும் மட்டும் கொடுத்து "இடையில் எந்த வழியாக நடந்தார்கள்?" என்று கேட்டால், சூப்பர்சிங்குலர் என்ற வகை வளைவுகளில் வேகமாகக் கண்டுபிடிக்க இன்றுவரை வழி தெரியாது. குவாண்டம் கணினியைக் கொடுத்தாலும் தெரியாது.

2011ல் டேவிட் ஜாவ், லூகா டெ ஃபியோ இருவரும் இதை வைத்து எஸ்ஐடிஎச் என்ற சாவிப் பரிமாற்ற முறையை அமைத்தார்கள். சைக் அதன் மேல் எழுந்ததுதான். ஒருவர் 2இன் அடுக்குகளில் நடப்பார், மற்றவர் 3இன் அடுக்குகளில் நடப்பார். இருவரும் கடைசியில் ஒரே வளைவில் வந்து சேர வேண்டும் அல்லவா? சும்மா நடந்தால் சேர மாட்டார்கள். அதனால் ஒவ்வொருவரும் முடிந்த வளைவோடு கூட, இரண்டு குறிப்பிட்ட புள்ளிகள் தன் ரகசிய ஐசோஜெனியால் எங்கே போய் விழுந்தன என்பதையும் வெளியிட வேண்டியிருந்தது. உபரியாகக் கொடுத்த இந்தத் தகவல்தான் வினையாகிப் போனது.

காஸ்ட்ரிக்கும் டெக்ருவும் என்ன செய்தார்கள் என்றால், இரண்டு எலிப்டிக் கர்வுகளை எடுத்து, அந்தப் புள்ளிகள் வழியாக ஒட்டி, ஒரு பரிமாணம் கூடுதலான பொருளை உண்டாக்கினார்கள். அங்கிருந்து 2இன் படிகளாக நடந்தால் வழியெல்லாம் இரண்டாம் ஜீனஸ் வளைவுகள் என்ற இன்னும் சிக்கலான வளைவுகளிலிருந்து கிடைக்கும், ஜேகோபியன் என்ற பிரியாத பொருள்களே வரும். கடைசிப் படியில் அது மறுபடி இரண்டு எலிப்டிக் கர்வுகளாகப் பிரியுமா, பிரியாதா? எப்போது பிரியும் என்பதைத்தான் கனியின் தேற்றம் சொல்கிறது. ரகசியப் பாதையின் ஒரு துண்டை ஊகித்து ஒட்டிப் பாருங்கள். ஊகம் சரி என்றால் பிரியும். தவறு என்றால் தற்செயலாகப் பிரிவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்ஜியம். ஆக, ரகசியத்தை 3இன் அடிமானத்தில் இலக்கம் இலக்கமாகக் கேட்டு வாங்கிவிடலாம்.

இந்தத் தாக்குதலை முதல் தடவை படித்தபோது என் துறையின் ஒரு பகுதி கண்ணெதிரே போய்விட்டதே என்ற வருத்தத்தை விட, அதன் அழகுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் அப்படித்தான்.

மதிவதனி_கோவை

பொதிகை அக்கா, ரொம்ப நன்றி. இரண்டு முறை படித்தபின் ஒட்டிப் பிரிக்கும் இடம் புரிந்தது. ஆனால் தேற்றம் 1997லேயே இருக்கிறது. எஸ்ஐடிஎச் வந்தது 2011ல். பதினோரு வருடம் யாருக்கும் தோன்றாமல் எப்படி?

பொதிகை

தோன்றாமல் இல்லை, பாதி தோன்றியது. அந்த உபரிப் புள்ளிகள் ஆபத்து என்று 2017லேயே கிறிஸ்டோஃப் பெட்டி காட்டிவிட்டார். ஆனால் அவர் தாக்குதல் 2இன் பக்கமும் 3இன் பக்கமும் அளவில் மிகவும் வேறுபடும் அமைப்புகளில்தான் செல்லும். சைக்கில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்பதால் எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

கனியின் கட்டுரை இரண்டாம் ஜீனஸ் வளைவுகளை எண்ணுவது பற்றியது. அதைப் படிப்பவர்கள் இயற்கணித வடிவியல் ஆட்கள். எஸ்ஐடிஎச் கட்டுரையைப் படிப்பவர்கள் மறையாக்க ஆட்கள். இரண்டு மாநாடுகளுக்கும் போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒருமுறை பாலம் போட்டபின் எத்தனை வேகம் பாருங்கள்: மைனோவும் மார்ட்டிண்டேலும் தனியாக அதே தாக்குதலுக்கு வந்து சேர்ந்தார்கள். காஸ்ட்ரிக்குக்கும் டெக்ருவுக்கும் தொடக்க வளைவைப் பற்றிய ஒரு சிறப்புத் தகவல் தேவைப்பட்டது. டாமியன் ரொபேர் எட்டுப் பரிமாணத்துக்குப் போய் அந்தத் தேவையையும் எடுத்துவிட்டார். எல்லாம் சில வாரங்களுக்குள். லூவன்காரர்கள் மேக்மா என்ற கட்டண மென்பொருளில் எழுதியதை மற்றவர்கள் இலவசமான சேஜில் எழுதி, மணிக்கணக்கை நிமிடக்கணக்காக்கினார்கள்.

கும்பகோணத்தான்

ஓய்வு பெற்ற கணித ஆசிரியன் நான், கணினிப் பாதுகாப்பு எனக்குத் தூரத்து உறவு. ஆனால் பொதிகை சொன்ன அந்த "வலை" பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1916ல் கேம்பிரிட்ஜில் இருந்தபோது ராமானுஜன், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முழு எண்ணைத் தரும் டாவு சார்பைப் பற்றி மூன்று ஊகங்களை எழுதினார். இரண்டை அடுத்த வருடமே மோர்டல் நிறுவிவிட்டார். மூன்றாவது, டாவுவின் அளவு ஒரு எல்லையைத் தாண்டாது என்பது. அதற்கு 1974 வரை, பியர் டெலீன் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 1988ல் லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னக் மூவரும் சில வலைகளை அமைத்தார்கள். இணைப்புகள் குறைவு, ஆனாலும் சில அடிகள் தற்போக்கில் நடந்தால் எங்கிருந்து புறப்பட்டோம் என்ற தடமே இராது. அவை அவ்வளவு நன்றாகக் கலக்கும் என்பதை நிறுவ ராமானுஜன் ஊகத்தின் வகையறா தேவைப்பட்டதால் "ராமானுஜன் வரைபடங்கள்" என்று பெயர் வைத்தார்கள். (நுணுக்கமாகச் சொன்னால் இங்கே வேண்டியது எடை 2 உள்ள வடிவம். அதை ஐக்லர் டெலீனுக்கு முன்பே முடித்துவிட்டார்.)

சூப்பர்சிங்குலர் ஐசோஜெனி வலை அந்த ராமானுஜன் வரைபடங்களில் ஒன்று. 2006ல் சார்ல்ஸ், கோரன், லாட்டர் மூவரும் அதை வைத்து ஒரு ஹாஷ் சார்பே (எந்தத் தகவலையும் சிறு கைரேகை போலச் சுருக்கும் சார்பு) அமைத்தார்கள். ஈரோட்டில் பிறந்து எங்கள் ஊர் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்தவர் எழுதிய ஒரு சமனின்மை, நூறு வருடம் கழித்துச் சாவிப் பரிமாற்றத்தின் அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. மாணவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் கம்மும்.

சிஸ்டம்_செல்வம்

ஐயா, வணக்கம். நீங்கள் எழுதியது மனதைத் தொட்டது. ஆனாலும் என் வாதத்தை இன்னும் விடுவதாக இல்லை.

சைக் உடைந்ததால் யாருக்காவது நஷ்டம் வந்ததா? 2019ல் கூகுளும் கிளவுட்ஃபிளேரும் சேர்ந்து நிஜ உலாவிகளில் அதைச் சோதித்தார்கள். தனியாக வைக்கவில்லை. ஏற்கெனவே இருந்த எக்ஸ்25519 என்ற எலிப்டிக் கர்வ் சாவிப் பரிமாற்ற முறையோடு சேர்த்து, இரண்டையும் உடைத்தால்தான் சாவி கிடைக்கும் என்று அமைத்தார்கள். சைக் போனாலும் மற்றது நிற்கும். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எச் 2022 ஏப்ரலில் இயல்பாகவே இப்படி ஜோடி போட ஆரம்பித்துவிட்டது. இந்தக் காப்பு ஒரு பொறியியல் முடிவு. கணிதம் எந்த நேரத்திலும் காலை வாரலாம் என்று தெரிந்தவர்கள் எடுத்தது.

நள்ளிரவு_நிரலர்

செல்வம் அண்ணா, நான் ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் மாதிரி சின்னப் பெட்டிகளுக்கு நிரல் எழுதுகிறவன். எங்கள் பக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

பெட்டியை முதல்முதலாக மின்சாரத்தில் செருகுகிறோம். தட்டச்சு இல்லை, மவுஸ் இல்லை, ரேண்டம் எண்ணுக்கு மூலம் எதுவும் இல்லை. அந்த நிமிஷத்திலேயே அது ஆர்எஸ்ஏ சாவி தயாரிக்கிறது, அதாவது இரண்டு பெரிய பகா எண்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறது. ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் முதல் பகா எண்ணை ஒன்றாகவே தேர்ந்தெடுத்துவிடும். அதற்குள் கடிகாரம் நகர்ந்து இரண்டாவது பகா எண் மட்டும் மாறும். இப்போது இரண்டு பொதுச் சாவிகளுக்கும் ஒரு பொதுக் காரணி இருக்கிறது. பெரிய எண்ணைப் பகாக் காரணிப்படுத்துவது கடினம், ஆனால் இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டுபிடிப்பது யூக்ளிட் காலத்து வேலை, பள்ளிக்கூடத்தில் போட்ட கணக்கு. 2012ல் நாடியா ஹெனிங்கரும் கூட்டாளிகளும் இணையம் முழுக்க வருடி, கோடிக்கணக்கான ஜோடிகளை ஒவ்வொன்றாக ஒப்பிடாமல் பெருக்கல் மரம் கட்டி மொத்தமாகச் செய்யும் உத்தியால், டிஎல்எஸ் (இணையத் தொடர்பை மறையாக்கும் நெறிமுறை) பேசும் முகவரிகளில் 0.5 சதவீதத்தின் ரகசியச் சாவியை எடுத்துவிட்டார்கள். இதில் எது நிரல் பிழை, எது கணிதம்? பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

2017ல் ரோகா என்று ஒரு தாக்குதல் வந்தது. செக் நாட்டு மாசரிக் பல்கலைக்கழகக்காரர்கள், ஸ்மார்ட் கார்டுகள் தயாரித்த சாவிகளைக் குவித்து வைத்துப் பார்த்தபோது, இன்ஃபினியான் சில்லுகளின் லைப்ரரியிலிருந்து வந்த எண்களில் மட்டும் ஒரு ஒழுங்கு தெரிந்தது. பகா எண்ணை வேகமாகத் தேடுவதற்காக வைத்த குறுக்குவழி அது. அந்த ஒழுங்கைச் சாவியாக மாற்ற 1996ல் டான் காப்பர்ஸ்மித் கொடுத்த லாட்டிஸ் (ஒழுங்காக அடுக்கிய புள்ளிகளின் கட்டம்) முறையைப் பிடித்தார்கள். எஸ்டோனியாவில் ஏறத்தாழ ஏழரை லட்சம் அடையாள அட்டைகள் பாதிக்கப்பட்டன. வேகத்தை மட்டும் அளந்த ஒருவர் அந்தக் குறுக்குவழியைப் பாராட்டித்தான் பேப்பர் எழுதியிருப்பார், மதிவதனி. அதனால்தான் உங்கள் கைடு காட்டும் வழி எனக்கு உறுத்துகிறது.

வெண்ணிலா_திருச்சி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பதினோரு வருடம் நின்ற ஒன்று ஒரு மணி நேரத்தில் போகுமானால், 2024 ஆகஸ்டில் நிஸ்ட் தரமாக அறிவித்த லாட்டிஸ் முறைகளை மட்டும் எப்படி நம்புவது? நாளைக்கே இன்னொரு பழைய தேற்றம் கிளம்பினால்?

பொதிகை

கிளம்பலாம். கிளம்பாது என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது, வெண்ணிலா. 2022 பிப்ரவரியில் ரெயின்போ என்ற கையொப்ப முறை போனது. அது இறுதிச் சுற்றில் இருந்தது. வார்ட் பெல்லன்ஸ் ஒரு மடிக்கணினியில் ஒரு வார இறுதிக்குள் உடைத்துக் காட்டினார்.

லாட்டிஸுக்கும் ஒரு கண்டம் வந்தது. 2024 ஏப்ரல் 10 அன்று சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யீலெய் சென், லாட்டிஸ் புதிர்களுக்கு ஒரு குவாண்டம் வழிமுறை கண்டுவிட்டதாகக் கட்டுரை போட்டார். கனமான கட்டுரை. உலகம் முழுக்க ஆட்கள் மற்ற வேலையை ஓரமாக வைத்துவிட்டு அதைப் பிரித்துப் படித்தார்கள். குவாண்டம் ஆட்கள், லாட்டிஸ் ஆட்கள், எண் கோட்பாட்டு ஆட்கள் எல்லாரும். எட்டு நாளில் ஹோங்சுன் வூ, தோமா விடிக் இருவரும் தனித்தனியாக ஒன்பதாம் படியில் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். அதைச் சரிசெய்ய வழி தெரியவில்லை என்று கட்டுரையின் முதல் பக்கத்திலேயே சென் எழுதிவைத்தார். அந்த நேர்மைக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லலாம்.

நம்பிக்கை அப்படித்தான் சேர்கிறது. மறையாக்கத்தில் பாதுகாப்புக்கு முழு நிரூபணம் என்று பெரும்பாலும் கிடையாது. எத்தனை துறைக்காரர்கள் எத்தனை காலம் முயன்றும் முடியவில்லை என்பதுதான் கையிருப்பு. மெக்கலீஸ் என்ற மறையாக்க முறை 1978ல் வந்தது, இன்னும் நிற்கிறது. ஆனால் அதன் மிகச் சிறிய பொதுச் சாவியே 2,61,120 பைட். சைக்கின் சிறிய பொதுச் சாவி 330 பைட்தான். எவ்வளவு ஆசை காட்டியிருக்கும் பாருங்கள். ஒரே கூடையில் எல்லாவற்றையும் வைக்கக் கூடாது என்றுதான் 2025 மார்ச்சில் நிஸ்ட், லாட்டிஸைச் சாராத எச்க்யூசி முறையைக் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சைக்கைக் கொன்ற அதே கனி தேற்றம் இப்போது எங்களுக்குக் கட்டுமானப் பொருள். உபரிப் புள்ளிகளை வெளியிடாத எஸ்க்யூஐசைன் என்ற கையொப்ப முறை அந்தத் தாக்குதலில் பாதிக்கப்படவில்லை. அதன் புது வடிவம் இந்தத் தேற்றத்தை உள்ளே வைத்துக்கொண்டு முன்பைவிடப் பல மடங்கு வேகமாகிவிட்டது. கையொப்பம் 148 பைட்.

சிஸ்டம்_செல்வம்

நிரலர் தம்பி கேட்டதற்குப் பதில்: ரோகாவை என்னால் பிரிக்க முடியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மதிவதனிக்கு இருப்பது ஒரு செமஸ்டர். அதில் எட்டுப் பரிமாணம் எல்லாம் நடக்காது.

என் யோசனை, அளவீட்டை விடாதீர்கள், அளக்கும் பொருளை மாற்றுங்கள். 2023 டிசம்பரில் கைபர்ஸ்லாஷ் என்ற ஓட்டை வெளிவந்தது. நிஸ்ட் தரமாக்கிய லாட்டிஸ் முறைகளில் ஒன்றான கைபரில் 3329ஆல் வகுக்கும் ஓர் இடம் உண்டு. சில கம்பைலர்கள் அதை நேரடி வகுத்தல் கட்டளையாகவே விட்டுவிடும், சில சில்லுகளில் வகுத்தலுக்கு ஆகும் நேரம் உள்ளே இருக்கும் எண்ணைப் பொறுத்து மாறும். அந்த எண் ரகசியம். நேரத்தை அளந்தே சாவியை நெருங்கலாம். "சராசரி எத்தனை மில்லிசெகண்டு" என்று அளப்பவர் கண்ணில் இது படவே படாது. "ரகசியம் மாறினால் நேரம் மாறுகிறதா" என்று அளந்தால் படும். இப்படி அளந்து கொடுத்தால் உங்கள் கைடும் மறுக்க மாட்டார். 3329 எதற்காக அங்கே வந்தது என்று தெரிந்துகொள்ளும் அளவுக்காவது கணிதம் வேண்டும், அதுவரை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

மதிவதனி_கோவை

செல்வம் அண்ணா, இது செய்யக்கூடியதாகத் தெரிகிறது. ப்ராஜெக்டுக்கு இதையே எடுக்கிறேன், திங்கட்கிழமை கைடிடம் பேசுகிறேன். ஆனால் ஐசோஜெனியையும் விட மனமில்லை. இரவில் தனியாகப் படிக்கலாம் என்றால் எங்கே தொடங்குவது? எனக்குத் தெரிந்தது பி.இ. கணக்குதான்.

கும்பகோணத்தான்

மகளே, முதலில் முடிவுறு களங்கள். அதாவது பகா எண்ணின் மாடுலோவில் கூட்டல், பெருக்கல், வகுத்தல், பிறகு அதன் இருபடி விரிவு. அடுத்து குலங்கள், கெர்னல் என்றால் என்ன என்பது வரை. இதற்கு மேல் ஆரம்பத்தில் தேவையில்லை. படிப்பதோடு நிற்காமல் கையால் போடுங்கள். தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலும் சிறுசேரி சென்னைக் கணிதக் கழகத்திலும் கணிதமும் கோட்பாட்டுக் கணினியியலும் ஒரே கட்டடத்துக்குள் நடக்கின்றன. பொதுக் கருத்தரங்கு இருந்தால் ஒரு நாள் பேருந்து ஏறிப் போய் உட்காருங்கள். முதல் முறை பாதி புரிந்தாலே பெரிய விஷயம்.

பொதிகை

ஐயா சொன்னதோடு ஒரு பயிற்சி. உண்மையான சைக்கின் பகா எண் 2இன் 216ஆம் அடுக்கையும் 3இன் 137ஆம் அடுக்கையும் பெருக்கி 1 கழித்தது. அதை விடுங்கள். 16ஐயும் 27ஐயும் பெருக்கி 1 கழித்தால் 431, அதுவும் பகா எண். சேஜை இறக்கிக்கொண்டு 431க்குச் சூப்பர்சிங்குலர் ஜே மதிப்புகள் (ஒவ்வொரு வளைவுக்கும் அடையாளமாக நிற்கும் எண்கள்) எல்லாவற்றையும் கண்டுபிடித்து, 2 படி (டிகிரி 2) ஐசோஜெனிகளால் இணைத்து வலையை வரையுங்கள். 37 முனைகள் வர வேண்டும்.

மதிவதனி_கோவை

அக்கா, 37 வந்துவிட்டது! ஒவ்வொரு முனையிலிருந்தும் மூன்று இணைப்பு வரும் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஜே 0 என்ற முனையிலிருந்து மூன்றும் 125 என்ற ஒரே இடத்துக்குப் போகிறது. ஜே 4இல் ஒன்று தனக்குத் தானே திரும்புகிறது, மற்ற இரண்டும் 19க்குப் போகிறது. நிரலில் பிழையா?

பொதிகை

நிரல் சரி. 1728ஐ 431ஆல் வகுத்தால் மீதி 4, ஆக உங்கள் 4 என்பது ஜே 1728 வளைவு. அதற்கும் ஜே 0 வளைவுக்கும் மற்ற வளைவுகளுக்கு இல்லாத கூடுதல் சமச்சீர் உண்டு. ஜே 0இல் அந்தச் சமச்சீர், 2ஆம் வரிசைப் புள்ளிகள் மூன்றையும் சுழற்சியாக ஒன்றை ஒன்றின் இடத்துக்கு மாற்றும், அதனால் மூன்று வழிகளும் ஒரே வீட்டுக்குப் போகின்றன. 1728இல் ஒரு புள்ளி அசையாமல் நிற்க, மற்ற இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. அசையாத புள்ளியின் வழிதான் தன்னிடமே திரும்புகிறது. காஸ்ட்ரிக்கும் டெக்ருவும் தொடக்க வளைவைப் பற்றிப் பயன்படுத்திய சிறப்புத் தகவல் இந்த வகைச் சமச்சீரிலிருந்து வந்ததுதான். அடுத்து அதே 37 முனைகளை 3 படி ஐசோஜெனிகளால் இணையுங்கள், முனைக்கு நான்கு இணைப்பு வரும். 0இலும் 4இலும் என்ன ஆகிறது என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள்.